ஒரு சொல்லுக்குக் காத்திருந்த ஏழு பேர்

காலையில் குளியலறை வாசலில் நின்று நான் ஒரு சத்தம் போட்டால், கட்டடத்தின் மறுகோடியில் பல் துலக்குகிறவள்கூட வாயில் நுரையோடு வழிவிடுவாள். "நகருங்கடி" என்ற ஒற்றைச் சொல்தான். அதனாலேயே மீட்புப் படைப் பயிற்சி முகாமில் எனக்குப் பட்டாசு என்று பேர் வைத்தார்கள். என் அப்பா பஸ் கண்டக்டர். படியில் தொங்குகிறவனை ஒரே அதட்டலில் உள்ளே ஏற்றிவிடுவார். அந்தத் தொண்டை அப்படியே எனக்கு வந்ததில் அம்மாவுக்கு வருத்தம், எனக்குப் பெருமை.

ஆனால் அந்தத் தொண்டை மைதானத்துக்கு மட்டும் வராது. பூட்ஸைக் கட்டிக்கொண்டு, அணிக்கு முன்னால் தனியாக நின்று, "இடப்பக்கம் திரும்பு" என்று சொல்ல வேண்டிய நேரத்தில் யாரோ பஞ்சை வைத்து அடைத்த மாதிரி ஆகிவிடும். உள்ளங்கை வேர்க்கும், காதுக்குள் என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்கும். முதல் வாரத்திலேயே சார்ஜெண்ட் மேடம் என்னை முன்னால் கூப்பிட்டுக் கட்டளை கொடுக்கச் சொன்னார். என் வாயிலிருந்து வந்தது பூனைக்குட்டிச் சத்தம். மைதானமே சிரித்தது. வீட்டில் புலி, வெளியில் எலி என்று யார் சொல்லிவைத்தார்களோ, அவர்கள் என்னை நேரில் பார்த்திருக்க வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் என் பேருக்கு முன்னால் ஓர் அடைமொழியும் சேர்ந்துவிட்டது. நமுத்த பட்டாசு.

எங்கள் அணியில் எட்டுப் பேர். ஆளாளுக்கு முறை வைத்துத் தலைமை ஏற்க வேண்டும் என்பது முகாமின் விதி. என் முறை வந்தபோதெல்லாம் என்னைக் காப்பாற்றியவள் நெட்டை. எனக்குப் பக்கத்துக் கட்டில்காரி, வரிசையில் முன்னால் நிற்பவள், மூளை முழுக்கக் குறுக்குவழி. அவள்தான் அந்த ஏற்பாட்டைச் செய்தாள். நான் சும்மா வாயை அசைத்தால் போதும். அவள் ஒரு முறை இருமினால் இடப்பக்கம், இரண்டு முறை இருமினால் வலப்பக்கம், மூக்கை உறிஞ்சினால் நிற்க வேண்டும். எதிர்க்கோடியில் நிற்கும் மேடத்துக்கு என் வாய் அசைவது தெரியும், அணி அழகாகத் திரும்புவது தெரியும். காற்று சத்தத்தைக் கொண்டுபோய்விட்டது என்று நினைத்துக்கொள்வார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இதில் எங்களுக்கு வெட்கம் இருக்கவில்லை. சொல்லப்போனால் கர்வம்தான். மற்ற அணிகளில் தண்ணீர்க் குடத்துக்குக்கூடச் சண்டை நடக்கும். நாங்கள் ஒருத்திக்காக ஏழு பேர் இருமலைக் காது கொடுத்துக் கேட்டு நடக்கிறவர்கள். இதைவிட ஒற்றுமை வேறு எங்கே இருக்கிறது என்று நெட்டை கேட்பாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கடைசிச் சோதனை ஸ்ட்ரெச்சர் ஓட்டம். ஆள் கனத்துக்கு மணல் அடைத்த பொம்மையை ஸ்ட்ரெச்சரில் கட்டி, நான்கு பேர் தூக்க, மூன்று பேர் மூட்டைகளோடு அவர்களைப் பிடித்துக்கொண்டு வர, புகை போட்ட மைதானத்தைக் கடக்க வேண்டும். நடுவில் பள்ளம் உண்டு, பலகைப் பாலம் உண்டு, சேற்றுக்குழி உண்டு. ஏழு பேரும் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கண்ணாடியிலும் கறுப்புத் தாள் ஒட்டிவிடுவார்கள். கண் திறந்திருப்பது தலைவிக்கு மட்டும். அவள் வாய்தான் மற்றவர்களுக்குக் கண். தோற்றால் மொத்த அணியும் அடுத்த பிரிவோடு சேர்ந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மேடம் எங்கள் அணிக்குத் தலைவியாக என் பேரைப் படித்தார்.

எனக்கு அவமானம் பழகிப்போன ஒன்று. என் அக்கா புருஷன், நான் கிளம்பிய அன்றே, பெட்டியைத் திறக்காமல் வைத்துக்கொள், திரும்பி வரும்போது வசதியாக இருக்கும் என்று வழியனுப்பியவர். அவர் சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்குப் பகீர் என்றது டீச்சரக்காவை நினைத்து. எங்கள் எட்டுப் பேரில் மூத்தவர் அவர்தான், பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்தவர். வயது வரம்பு அவருக்கு இந்தப் பிரிவோடு முடிகிறது. எங்களுக்குத் தோல்வி என்றால் இன்னும் சில மாதம் சேறு. அவருக்கு வீடுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் அவர் மகள், "எப்பம்மா யூனிஃபார்ம்ல வருவ?" என்று கேட்பது வரிசையில் நிற்கும் எங்கள் எல்லோருக்கும் கேட்கும்.

சோதனைக்கு முந்தின வாரம் ஒத்திகை நடந்தது. கண்ணாடியில் தாள் ஒட்டினால் என்ன, காது இருக்கிறதே, இந்தத் தடவை எனக்குப் பதிலாக நீயே இருமு, போதும் என்றாள் நெட்டை. நாங்களும் தலையாட்டினோம். புகை இருக்கும் இடத்தில் இருமல் தானாக வரும் என்பது எட்டுத் தலைகளில் ஒன்றுக்கும் உறைக்கவில்லை.

புகைக்குள் போனோமோ இல்லையோ, நெட்டைக்கு நிஜ இருமல் பிடித்துக்கொண்டது. ஒன்று, உடனே இரண்டு, பிறகு எண்ண முடியாமல். அணி இடப்பக்கம் திரும்பியது, வலப்பக்கம் திரும்பியது, மறுபடி இடப்பக்கம். நெட்டை ஒரு கையால் வாயைப் பொத்தப் பார்த்தாள், அதற்குள் மூக்கு ஒழுகியது, உறிஞ்சித் தொலைத்தாள். எல்லோரும் சட்டென்று நின்றார்கள், பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்கள் மேல் மோதினார்கள். எதிரே சேற்றுக்குழி. எனக்கு மட்டும் அது தெரிகிறது. வாயைத் திறந்தேன், வெறும் காற்று வந்தது. அடுத்த இருமலுக்கு ஏழு பேரும் ஒரே காலை எடுத்து வைத்து, பொம்மையோடு குழிக்குள் இறங்கினார்கள்.

மேடம் குழியின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை, அமைதியாகப் பேசினார்.

"இவ்வளவு ஒத்துமையா குழியில விழுந்த அணிய நான் பார்த்ததே இல்ல. இருமலுக்கு டாக்டர்கிட்ட போங்க. கட்டளைக்கு யார்கிட்ட போகப் போறீங்க?"

அவருக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரிந்திருக்கிறது. அதைப் புரிந்துகொண்டபோது சேற்றில் இருந்தவர்களைவிடக் கரையில் நின்ற எனக்குத்தான் உடம்பெல்லாம் அழுக்கானது போல இருந்தது.

மத்தியானம் துவைக்கும் குழாயடியில் எட்டுப் பேரும் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். நெட்டை ஓயவில்லை. இருமல் வேண்டாம், ஸ்ட்ரெச்சர் கைப்பிடியில் விரலால் தட்டலாம் என்றாள். எங்களில் சின்னவளான சுண்டெலி, கயிறு கட்டி நான் இழுக்கலாம் என்றாள். இடுப்பில் கட்டுவதா, கையில் கட்டுவதா என்று பேச்சு வளர்ந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருத்தியாவது திட்டியிருக்கலாம். என்னைச் சுமப்பதற்கு இன்னும் நல்ல வழி எது என்று என் முன்னாலேயே திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடந்த பொம்மைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

சோப்பைக் கல்லின் மேல் எறிந்துவிட்டு, நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். இருமலும் வேண்டாம், கயிறும் வேண்டாம் என்றேன். "நான் சொல்லாம ஒரு அடிகூட எடுத்து வெக்கக் கூடாது. யாரா இருந்தாலும்."

"சத்தம் வரலேன்னா?" என்று கேட்டாள் நெட்டை.

"வர்ற வரைக்கும் நில்லுங்க."

"வரவே இல்லேன்னா?"

அந்தக் கேள்விக்கு யாரும் டீச்சரக்கா பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லோரும் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. கோபத்தில் வாயை விட்டுவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது. பின்வாங்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் டீச்சரக்கா தன் சட்டையைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டார்.

"அவ சொன்னா நடப்போம். சொல்லலேன்னா நிப்போம்" என்றார். "இவ்வளவு நாளா நாம இவளுக்கு உதவி பண்ணல. இவ வாய நாமதான் பொத்திட்டிருந்தோம்."

குழாயை மூடினோம்.

சோதனை நாளில் தகரக் கூரைக்குக் கீழே மேசை போட்டு, வெளியிலிருந்து வந்த அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அணிகள் வரிசையாகத் தயாராக இருந்தன. எங்களவர்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கி நின்றார்கள். முன் கைப்பிடிகளில் டீச்சரக்காவும் நெட்டையும், பின்னால் சுண்டெலியும் இன்னொருத்தியும். ஏழு கறுத்த கண்ணாடிகள். புகை எழும்பத் தொடங்கியது. விசில் ஊதினார்கள்.

பக்கத்து அணிகள் கிளம்பின. நான் வாயைத் திறந்தேன். பஞ்சு.

ஏழு பேரும் நின்றார்கள்.

மறுபடி முயன்றேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஓர் அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். மற்ற அணிகளின் தலைவிகள் கத்துவது புகைக்குள் இருந்து கேட்டது. எங்கள் ஆட்கள் மட்டும் நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றார்கள்.

அவர்களைப் பார்த்தேன். சுண்டெலியின் முழங்கை கனம் தாங்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது, கைப்பிடியை மட்டும் விடவில்லை. புகை நெட்டையின் முகத்திலேயே அடித்தது. அவளுக்கு இருமல் வந்துவிட்டது. தன் இருமலுக்கு எவளாவது பழக்கத்தில் காலை எடுத்து வைத்துவிடுவாளோ என்று அவள் பல்லைக் கடித்து அதை விழுங்கிக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்து, முகம் செங்கல் நிறமாகிவிட்டது. டீச்சரக்கா தாடையை நிமிர்த்தி, எனக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு, அசையாமல் நின்றார். அவர் ஓர் அடி எடுத்து வைத்திருந்தால் நெட்டையும் கூட வந்திருப்பாள், அணியும் வந்திருக்கும், அவர் வேலையும் ஒருவேளை தப்பியிருக்கும். அவர் எடுத்து வைக்கவில்லை.

இந்த மடச்சிகள் நிஜமாகவே நிற்கிறார்கள்.

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபம் வரும், பிறவிக் குணம். யார் மேல் என்று தெரியாத ஒரு கோபம் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. பயம் எங்கேயும் போய்விடவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் தலைமேல் காலை வைத்து அந்தக் கோபம் ஏறி வந்தது.

"நகருங்கடி!"

கூரைத் தகரம் அதிர்ந்தது என்று பிற்பாடு எல்லோரும் சத்தியம் செய்தார்கள். ஓர் அதிகாரி தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. ஏழு ஜோடி பூட்ஸும் ஒரே சமயத்தில் தரையில் பதிந்த சத்தத்தைக் கேட்டேன். அதைவிட இனிமையான சத்தத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

அதற்கப்புறம் வாய் மூடவில்லை. "இடப்பக்கம்! நேரா வா! பலகை வருது, ஒட்டி நட! சுண்டெலி, கைய மாத்து! நில்!" நான் நில் என்றால் ஒரு தூசி அசையவில்லை. நெட்டை இப்போது வஞ்சனை இல்லாமல் வாய்விட்டு இருமிக்கொண்டே வந்தாள், ஒருத்தியும் சட்டை செய்யவில்லை. பள்ளத்தைச் சுற்றினோம். போன வாரம் எங்களை விழுங்கிய சேற்றுக்குழியின் ஓரமாக, விரற்கடை இடைவெளியில், பொம்மையின் மேல் ஒரு சொட்டுச் சேறு படாமல் கொண்டுபோனோம். புகைக்குள் ஓர் அணி தங்கள் தலைவியோடு வாதாடிக்கொண்டு நின்றது. அவர்களைத் தாண்டினோம். இன்னோர் அணி பாலத்தில் மூட்டையைத் தேடிக்கொண்டிருந்தது. அவர்களையும் தாண்டினோம். கோட்டைக் கடந்து ஸ்ட்ரெச்சரை இறக்கச் சொன்னபோது எனக்குக் குரல் முழுக்கக் கட்டிப்போயிருந்தது, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. அவர்களும் கேட்டுத்தான் இறக்கினார்கள்.

எல்லோருக்கும் கடைசியில் கிளம்பினோம், ஆனால் கடைசியில் வரவில்லை. மேடம் முடிவைப் படித்தபோது, எங்கள் அணி பேரைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். 'நகருங்கடி' என்ற கட்டளை எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பதால் அதற்கு மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள் என்றார். பிறகு, தேர்ச்சி என்றார். டீச்சரக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பயிற்சி முடிந்த நாள் அணிவகுப்புக்கு எல்லோர் வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். அப்பா கண்டக்டர் சீருடையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார், மகளுக்கு மட்டும்தான் சீருடையா என்று. பக்கத்தில் அக்கா புருஷன், முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல். முன் வரிசை நாற்காலியில் டீச்சரக்காவின் மகள் தன் அப்பா மடியில் இருப்புக்கொள்ளாமல் துள்ளிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து மேடம் உரக்கச் சொன்னார், கலையலாம் என்று. மைதானம் முழுக்க வரிசைகள் உடைந்தன. எல்லா அணிகளும் அவரவர் வீட்டார் பக்கம் ஓடின. எங்களவர்கள் ஏழு பேர் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி அப்படியே நின்றார்கள். நானும் முதலில் புரியாமல் விழித்தேன்.

மேடம் திரும்பி வந்தார். "என்னம்மா, காது கேக்கலையா?"

நெட்டை நேராகப் பார்த்தபடியே பதில் சொன்னாள். "எங்க தலைவி இன்னும் சொல்லல மேடம்."

மேடம் என்னைப் பார்த்தார். அவர் உதட்டோரம் துடித்ததை நான் மட்டும் பார்த்தேன். எனக்கு உள்ளங்கை வேர்த்தது, பழைய பஞ்சும் தொண்டைக்குத் தேடி வந்தது. வரட்டும். தூரத்தில் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து, கையைக் காதுக்குக் குவித்து நின்றார்.

"நகருங்கடி!" என்றேன்.

முதலில் ஓடியது டீச்சரக்காதான், மகளை நோக்கி.