தம் கட்டாமல்

வீடு மாற்றும் லாரியில் இருபது வருஷம் பாரம் தூக்கியவனுக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் கிரேன். தம் கட்டித் தூக்குவான். மூச்சை நெஞ்சுக்குள் பூட்டிவிட்டால் பீரோகூட அவனுக்குத் தலையணைதான்.

அதைத்தான் டாக்டரம்மா வேண்டாம் என்றாள். "இதயத்துலேர்ந்து கிளம்புற பெருந்தமனி வீங்கி, சுவர் மெலிஞ்சு போயிருக்கு. தம் கட்டினா பிரஷர் எகிறும். உள்சுவர் கிழிஞ்சா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட வந்து சேரமாட்டீங்க. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அதுவரைக்கும் ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்கக் கூடாது."

வீட்டில் கிடந்தால் மனைவியின் அழுகையே பிரஷரை ஏற்றிவிடும். வழி சொல்ல மட்டும் வேலைக்கு வந்தான். மனைவியின் அண்ணனும் அதே லாரியில்தான் வேலை; அவனுக்கு அது சிரிப்பாக இருந்தது.

"என்ன மாப்ளே, விருந்துக்கு வந்தவன் மாதிரி கையை வீசிட்டு நிக்கிறே?"

"வாயால தூக்குறேன் மச்சான். இடப்பக்கம் சாய்."

மூன்றாம் மாடியிலிருந்து தேக்கு அலமாரி இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்ப்பக்கம் மச்சான், மேல்பக்கம் ஒல்லி என்கிற கூட்டாளி. படி திரும்பும் இடத்தில், கிரேனின் பக்கத்திலேயே, ஒல்லியின் கை வழுக்கியது. அலமாரி மச்சான் மேல் சரிந்தது.

"பிடி மாப்ளே!"

கிரேனின் கைகள் அவனைக் கேட்காமலே நீண்டுவிட்டன. மூச்சும் தானாகவே நெஞ்சில் நின்றுவிட்டது. வாயைத் திறந்து அதை வெளியே தள்ளினான். கைகளை இழுத்து அக்குளில் செருகிக்கொண்டான்.

"விட்டுடு மச்சான். சுவரோட ஒட்டி நில்லு."

"உடைஞ்சிடும்டா."

"உடையட்டும். விடு."

மச்சான் விட்டான். சுவரோரம் ஓர் ஆள் ஒதுங்க இடமிருந்தது. கிரேன் அதை முதல் நடையிலேயே பார்த்து வைத்திருந்தான். அலமாரி எட்டுப் படி உருண்டு, கண்ணாடிக் கதவு சில்லுச் சில்லாகச் சிதறியது.

மச்சான் பல்லைக் கடித்தபடி ஏறி வந்தான். "மரம் மாதிரி நின்னியே. நான் செத்திருந்தா?"

"உனக்கு ஒதுங்க இடம் இருந்துச்சு. பிடிச்சிருந்தா எனக்கு அதுவும் இல்ல. செவ்வாய்க்கிழமை வரைக்கும் உயிரோட இருக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். புதன்கிழமை வந்து திட்டு, படுத்துக்கிட்டே கேட்டுக்கிறேன்."

வியர்வையில் நனைந்து நெஞ்சோடு ஒட்டிக் கிடந்த கிரேனின் சட்டையைப் பார்த்துவிட்டு, மச்சான் அலமாரியை நிமிர்த்த இறங்கிப் போனான்.

வீட்டுக்காரம்மா இறங்கி வந்தாள். "யாரு இதுக்குப் பொறுப்பு?"

"நான்தாம்மா. பிடிச்சிருக்கலாம், பிடிக்கல." பிறகு கூட்டாளிகள் பக்கம் திரும்பினான். "அடுத்தது ஃபிரிட்ஜ். கதவைக் கழட்டுங்க. டிரைவரையும் கூப்பிடுங்க, மூணு பேராப் பிடிங்க."

வழியில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைச் செருப்புக்காலால் ஓரம் தள்ளினான். குனியவில்லை.