சுவருக்கு எண்ணெய் போட்டவர்

இந்தக் கதையில் எதெல்லாம் நடந்தது, எதெல்லாம் தையல்காரர் சொல்லிச் சொல்லி நடந்ததாகவே ஆகிவிட்டது என்று இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மேசை வந்த அன்று மழை என்று எனக்கு ஞாபகம். தையல்காரரின் மனைவியோ, அன்று வெயில் மண்டையைப் பிளந்தது என்கிறாள். ஆனால் கதவு அடைபட்டது, சுவர் ஓடியது, கண்டக்டரின் ஜன்னல் தையல்காரர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஆகிய விஷயங்களில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சொந்த வீடு வாங்க வழியில்லாதவர்களுக்காக அரசாங்கம் கட்டிக் கொடுத்த குடியிருப்பு அது. அதை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட் அம்மாவுக்கு ஜன்னல்களைப் பற்றித் தனி அபிப்பிராயம் இருந்தது. எல்லா ஜன்னலும் வட்டமாக, தாழ்வாக இருந்தன. நின்றால் எதிரே வெறும் சுவர். தரையில் உட்கார்ந்தால் வானம் மட்டும். தெருவைப் பார்க்க வேண்டுமென்றால் மண்டியிட வேண்டும். அதனால் தெருவில் போகிறவர்களுக்கு, இந்தக் கட்டடத்து ஆட்கள் நாள் முழுக்க யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் தோன்றும்.

சுவர்களைப் பற்றியும் அந்த அம்மாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. இரண்டு வீட்டுக் கூடங்களுக்கும் நடுவே உள்ள சுவர் தண்டவாளத்தில் ஓடும். இரு பக்கமும் ஒவ்வொரு கைப்பிடி. இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்பினால்தான் பூட்டு விடும். இடம் தேவைப்படுகிறவர், இடம் மிச்சமிருப்பவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இப்படி அக்கம்பக்கத்தில் பேச்சு வளரும் என்று குடிவந்த அன்று அவர் எல்லோருக்கும் விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். வீட்டுக்குள் போனதும் கைப்பிடியில் துண்டைத் தொங்கவிட்டார்கள். எந்தச் சுவரும் அசையவில்லை.

தையல்காரரின் சுவருக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் தனியாக இருந்தார். இருவருக்கும் பேச்சு இல்லை. குடிவந்த புதிதில் கண்டக்டர் ஒரு பேன்ட் தைக்கக் கொடுத்தார். தைத்து வந்தது கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. கண்டக்டர் அதைத் திருப்பித் தரவில்லை, சண்டையும் போடவில்லை. தினமும் அதையே போட்டுக்கொண்டு படியேறி இறங்கினார். நடமாடும் புகார் மனு.

அந்தப் பேன்ட் தையல்காரரை உள்ளுக்குள் அரித்தது. அன்றிலிருந்து எதை வெட்டினாலும் தையலுக்கு இரண்டு விரல் கூடுதலாக விட ஆரம்பித்தார். பிறகு அது நான்கு விரல் ஆனது.

அப்போது அவர் ஒரு ரெடிமேட் கடையில், மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, யாரோ தைத்த துணிகளுக்கு ஓரம் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால் தலையில் படி இடிக்கும். இந்த நிலையில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. கட்டில்களுக்கு நடுவே தொங்கும் திரைகள் தைக்க வேண்டும். மாதிரித் திரைகளைத் திங்கட்கிழமை காட்ட வேண்டும்; பிடித்துப்போனால் இனி எல்லாத் திரையும் அவருக்கே. மாடிப்படியை விட்டு வெளியே வரலாம். ஆனால் அவ்வளவு நீளத் துணியை விரித்து வெட்ட நீளமான மேசை வேண்டும்.

"ஏங்க, பக்கத்துல ஒரு முழம் கேளுங்களேன். சுவரு அதுக்குத்தானே ஓடுது?" என்றாள் மனைவி.

"அந்த மனுஷன்கிட்டயா? நம்ம கூடத்துக்குள்ளயே போட்டுக்கறேன். நான் அளவெடுத்துத் தர்றேன்."

"நீங்க எடுத்த அளவுதான் தெனமும் படியேறுதே," என்றது உள்ளறையிலிருந்து ஒரு குரல். மாமியார்.

தையல்காரர் டேப்பைப் பிடித்து, கண்டக்டர் பக்கத்துச் சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை அளந்தார். கை தன் வழக்கப்படி நான்கு விரல் சேர்த்து எழுதியது. துணியாக இருந்தால் மடித்துத் தைத்திருப்பார். இது பலகை.

தச்சர் மேசையைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து, உள்ளறைக் கதவை ஒட்டிக் கூட்டினார். மேல்பலகை இறங்கவில்லை. தச்சர் அளவுச் சீட்டைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், மரச்சுத்தியலை எடுத்தார். நாலு போடு போட்டார். பலகை முனகிக்கொண்டே இரண்டு சுவர்களுக்கும் நடுவே இறங்கி உட்கார்ந்தது.

"யானை ஏறினாலும் அசையாது," என்று பெருமையாகச் சொல்லிவிட்டுத் தச்சர் போய்விட்டார். அவர் சொன்னது உண்மை. கூடத்தின் நடுவுக்கு இழுக்கலாம் என்று தையல்காரரும் மனைவியும் மூச்சு வாங்க இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை. அப்போதுதான் உள்ளறைக் கதவு ஒரு கையகலம் திறந்து மேசையில் இடித்தது.

"மாப்பிள்ளை," என்றார் மாமியார் இடுக்கு வழியாக, "நான் வெளிய வரணுமே."

"கொஞ்சம் பொறுங்க அத்தை."

"பொறுக்கறேன். டீயை மட்டும் இந்த வழியா நீட்டச் சொல்லுங்க. அப்புறம், பாத்ரூம் உங்க பக்கம் இருக்குங்கறதையும் மனசுல வச்சுக்குங்க."

மனைவி பக்கத்து மாடியில் ரம்பம் இருப்பதாகச் சொன்னாள். தையல்காரர் மேசையின் மீது கையை வைத்துக்கொண்டு நின்றார். மேசையை அறுத்தால் திரை இல்லை. திரை இல்லையென்றால் மறுபடி மாடிப்படிக்குக் கீழே, குனிந்த தலையோடு. அறுக்காவிட்டால் அந்தப் பேன்ட்டின் முன்னால் போய் நிற்க வேண்டும். கடைசியில் சுவரில் மெல்லத் தட்டினார்.

"கண்டக்டர் சார்."

 சுவருக்கு மிக அருகில் யாரோ மூச்சுவிடுவது கேட்டது.

"சார், கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பணும். அவசரம்."

"கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். பெரியம்மா உள்ள மாட்டிக்கிட்டாங்க. அவங்களுக்காகத் திருப்பறேன். ஆனா அதுக்கு முன்னாடி பேன்ட் விஷயம்."

"அளவெடுக்கும்போது நீங்க குனிஞ்சு பாத்தீங்க சார். குனிஞ்சா இடுப்பு இறங்கும், நீளம் குறையும்."

"நிமிரச் சொல்ல வேண்டியது யாரு?"

தையல்காரர் யோசித்தார்.

"மாப்பிள்ளை," என்றது இடுக்கு. "சீக்கிரம் யோசிங்க."

"நான்தான் சொல்லியிருக்கணும்," என்றார் தையல்காரர். "பேன்ட் குட்டைதான். புதுசா ஒண்ணு தைச்சுத் தர்றேன்."

"புதுசெல்லாம் வேண்டாம். இது பழகிடுச்சு. குட்டைன்னு உங்க வாயால கேக்கணும், அவ்வளவுதான். சரி, நீங்க தள்ளுங்க, நான் இழுக்கறேன். ரைட்!"

இரண்டு கைப்பிடிகளும் ஒன்றாகத் திரும்பின. குடிவந்ததிலிருந்து அசையாத சுவர் துருப்பிடித்திருக்கும் என்று நினைத்து, தையல்காரரும் மனைவியும் தோளைக் கொடுத்து முழு பலத்தோடு தள்ளினார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பஸ் கதவுக்குப் போட்ட பழக்கத்தில், கண்டக்டர் மாதாமாதம் தன் பக்கத்துத் தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டு வந்திருந்தார். சுவர் வெண்ணெயில் கத்திபோலப் போனது. கண்டக்டர் பின்வாங்கிக் கட்டிலில் விழ, கட்டில் அவரைச் சுமந்துகொண்டு கூடத்தைக் கடந்து அலமாரியில் போய் நின்றது. வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்கு டிக்கெட் கிழித்தவர் அன்று டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தார். பூட்டுக்குள் ஏதோ ஒன்று உடைந்து விழும் சத்தம் கேட்டது.

மேசை தளர்ந்து நகர்ந்தது. மாமியார் வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் நேராகப் பாத்ரூமுக்குப் போனார்.

சுவரின் அந்தப் பக்கத்தில் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "டெய்லரே, என் ஜன்னல் எங்க?" என்று கேட்டது.

ஜன்னல் தையல்காரரின் கூடத்தில் இருந்தது. கண்டக்டர் மாலை தவறாமல் அதன் முன் மண்டியிட்டு, எதிரே உள்ள நிறுத்தத்தில் வந்து போகும் பஸ்களைப் பார்ப்பவர். வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து வந்தவர் பூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, இதைச் செய்த கம்பெனியையே மூடிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். சுவரை எவ்வளவு தள்ளியும் திரும்ப வரவில்லை.

மறுநாள் மாலை கண்டக்டர் வாசலில் வந்து நின்றார். தையல்காரர் பார்த்தார். அந்தப் பேன்ட்தான்.

"அஞ்சரை பஸ் லேட்டா வருதான்னு பாக்கணும்."

"உள்ள வாங்க சார்."

"பஸ்ல நான் சொல்ற வார்த்தை அது," என்றபடி கண்டக்டர் உள்ளே வந்து மண்டியிட்டார். மண்டியிடுவதற்குக் குட்டைப் பேன்ட் வசதியாக இருந்தது, முட்டியில் இழுக்கவில்லை. இதைத் தையல்காரர் கவனித்தார், சொல்லவில்லை.

திரைத் துணி மேசையின் மறுகோடியில் நழுவிக்கொண்டே இருந்தது. இரண்டு பஸ்களுக்கு நடுவில் கண்டக்டர் எழுந்துபோய், யாரும் கேட்காமலே அந்த நுனியைப் பிடித்துக்கொண்டார். "நாலு விரல் எதுக்குக் கூட விடறீங்க?" என்றார்.

"பயம்தான்."

"ரெண்டு போதும். தைரியமா வெட்டுங்க."

தையல்காரர் இரண்டு விரல் விட்டு வெட்டினார். அன்று வெட்டிய துணிகள் சரியாக வந்தன. வெட்டும்போது அவருக்கு ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. நகர்த்தவே போவதில்லை என்றால் ஒரு மனிதர் எதற்காக ஒரு சுவருக்கு இத்தனை காலம் எண்ணெய் போட வேண்டும்? கேட்க வாயெடுத்தார். கண்டக்டர் துணியின் நுனியைப் பார்த்தபடி இருந்தார். தையல்காரர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆர்க்கிடெக்ட் அம்மா சில மாணவர்களை அழைத்துக்கொண்டு வந்தார். அகலமான கூடம், நீண்ட மேசை, துணியின் ஒரு கோடியில் ஒரு வீட்டுக்காரர், மறுகோடியில் இன்னொரு வீட்டுக்காரர். ஆர்க்கிடெக்ட் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் நினைச்சது இதைத்தான். எப்படிப் பேசி இந்த முடிவுக்கு வந்தீங்க?"

"பேன்ட்டைப் பத்திப் பேசினோம்," என்றார் கண்டக்டர்.

"அம்மா, சுவர் உடைஞ்சுபோச்சு," என்றார் தையல்காரர். "திரும்ப வர மாட்டேங்குது."

ஆர்க்கிடெக்ட் அம்மா மாணவர்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா, திரும்ப வேண்டாம்னே முடிவு பண்ணிட்டாங்க."

"அந்த ஜன்னலைக் கொஞ்சம் மேல தூக்கி வச்சிருக்கலாம்," என்று மாமியார் ஆரம்பித்தார். மாணவர்கள் எல்லோரும் ஜன்னல் முன் மண்டியிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரி திரைகளை ஏற்றுக்கொண்டது. தையல்காரர் ரெடிமேட் கடையை விட்டுவிட்டார். இப்போது நிமிர்ந்து நின்று வெட்டுகிறார். பசை வைத்துக் கூட்டிய மேசை இனி எந்தக் கதவு வழியாகவும் வெளியே வராது என்பதால் அவர்கள் அந்த வீட்டிலேயே இருக்கிறார்கள். ஆர்க்கிடெக்ட் அம்மாவுக்குப் பரிசு கிடைத்தது; அடுத்த கட்டடத்தில் அவர் சுவர்களை அசையாமல் கட்டி, படிக்கட்டுகளில் பரிசோதனை செய்து பார்த்ததாகக் கேள்வி. மனைவி மற்ற வீட்டுத் தண்டவாளங்களுக்கும் எண்ணெய் போடச் சொன்னாள், யாரும் போடவில்லை. மாமியார் இரண்டு வருஷம் கழித்துத் தூக்கத்தில் இறந்துபோனார். கண்டக்டர் இன்னும் சாயங்காலம் வருகிறார். தையல்காரர் புதுப் பேன்ட் ஒன்று தைத்து அவருக்காக மடித்து வைத்திருக்கிறார். கண்டக்டர் அதை இதுவரை போட்டுப் பார்க்கவில்லை.