காவலனின் காது

"காது பெருசா இருக்கு" என்றான் அண்ணன் போனில்.

"யாருக்கு, உனக்கா?"

"என் காவலனுக்குடி. பக்கவாட்டுப் படத்தப் பாரு. இவனப் பாத்து எதிரி ஓடுவானா, சிரிப்பானா?"

"வந்து நீயே ரப்பர் போட்டு அழிச்சுக்கோ."

"வர்றேன். அதுவரைக்கும் தொடாத." வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

அண்ணன் மாயக் கதைகள் எழுதுகிறவன். பனிக்கோட்டை ஒன்றின் வாயில்காவலனை வைத்து மூன்று பாகம் எழுதிக்கொண்டிருந்தான். நான் பாடநூல் அச்சகத்தில் படம் போடுகிறவள். எந்தப் பாகத்துக்கு யார் வரைந்தாலும் காவலன் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்பதற்காக, அவனை முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று வரைந்து, ஓரத்தில் உயரமும் அடையாளங்களும் எழுதிய மாதிரித்தாள் ஒன்றை ஒரு மாதமாகத் தயாரித்துக்கொண்டிருந்தேன். ஏழு முறை திருத்தம். தோள் தழும்பு இடமா வலமா என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை. "நான் கண்ணாடி போட்டு ஒரு வருஷமாச்சு, உங்கண்ணன் இன்னும் கவனிக்கல. இல்லாதவன் தோளுக்கு என்ன கவலை பாரு!" என்றாள் அண்ணி.

இரண்டு மணி நேரம் கழித்து அண்ணிதான் கூப்பிட்டாள். லாரிக்கு அடியில் கிடந்த வண்டியின் எண்ணை வைத்து போலீஸார் வீட்டு விலாசம் கண்டுபிடித்திருந்தார்கள். அண்ணன் போன் அணைந்திருந்தது. அவன் வண்டியை யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிறவன். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பிள்ளையப் பாத்துக்குங்க அண்ணி, நான் போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று கிளம்பினேன்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், பிணவறை வாசலில் ஒரு மேசை. நூலில் கட்டிய பேனா. "முகத்த வெச்சுச் சொல்ல முடியாதும்மா. உடம்புல என்ன அடையாளம்னு எழுதிக் குடுங்க, ஒத்துப் பாத்துட்டு வர்றேன்" என்றார் ஊழியர். நிறுத்தி நிதானமாக எழுதிக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். "நீங்க எழுதினது ஒண்ணுகூட இல்லம்மா. ஆளும் குட்டை. இது உங்க ஆள் இல்ல."

பெஞ்சில் உட்கார்ந்து அண்ணியைக் கூப்பிட்டேன். "அண்ணன் இல்ல அண்ணி! வேற யாரோ!"

அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள். "வண்டிய எவனுக்கோ குடுத்துட்டு எங்கயோ உக்காந்து எழுதிட்டிருக்காரு. வரட்டும், இன்னிக்குக் கதவையே திறக்க மாட்டேன்." நானும் சிரித்தேன். அந்த வேறு யாரோவுக்கும் ஒரு தங்கை இருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

"ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க" என்று நான் எழுதிய தாளை ஊழியர் என் பக்கம் தள்ளினார். இடது தோளில் பிறை போன்ற தழும்பு. வலக்கைச் சுண்டுவிரலில் ஒரு கணு இல்லை. உயரம் ஆறடி இரண்டங்குலம். எல்லாம் என் கையெழுத்து.

அண்ணன் என்னைவிடக் குட்டை.

மாதிரித்தாளில் ஒரு மாதமாக அதே வரிகளை எழுதி எழுதிப் பழகிய கை அது. "இன்னொரு தாள் குடுங்க" என்றேன். வலது முழங்காலுக்குக் கீழே சைக்கிள் செயின் கிழித்த தழும்பு என்று எழுதினேன். அதற்கு மேல் எதுவும் நினைவுக்கு வரவில்லை. கூடப் பிறந்தவன் உடம்பில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு தழும்பு.

இந்த முறை திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியைத் துடைத்து என் பக்கம் நகர்த்தினார்.

அண்ணி முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்ன, அங்க வந்துட்டாரா?"

மாதிரித்தாள் என் மேசையில்தான் இருக்கிறது. பதிப்பகத்தார் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். தொடாதே என்று சொல்லியிருந்தான். காது பெரிதாகவே இருக்கிறது.