கீழே வைத்த ஃபில்டர்

மெக்கானிக் பழைய ஆயில் ஃபில்டரை வைஸ் பிடியில் இறுக்கி, ரம்பத்தால் சுற்றி அறுத்தார். மூடி கழன்றதும் உள்ளேயிருந்த காகிதச் சுருளை வெளியே இழுத்துச் செய்தித்தாளின் மேல் போட்டார். மடிப்பு என்று எதுவும் மிச்சமில்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, கறுப்புக் களிம்பு அப்பி, நடுவில் நசுங்கிக் கிடந்தது. பக்கத்தில் தங்கையோடு நின்ற புரொபசருக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது.

புரொபசர் எந்தக் கல்லூரியிலும் காலெடுத்து வைத்தவர் அல்ல. உதிரிபாகக் கடைக் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறார். பிளக் ஒன்று கேட்டு வந்தவனுக்கும் அதன் பூர்வோத்திரம் முழுக்கச் சொல்லித்தான் அனுப்புவார். அதனால் ஒட்டிக்கொண்ட பட்டம். அதிலும் யாராவது ஓடித் தேய்ந்த வண்டியைச் சிந்தெடிக் ஆயிலுக்கு மாற்றுகிறேன் என்று வந்துவிட்டால் பிடித்துக்கொள்வார். "புது ஆயில் உள்ள இருக்கிற பழைய அழுக்கையெல்லாம் கரைச்சுக் கொண்டாரும் சார். அத்தனையும் ஃபில்டர்லதான் வந்து விழும். ரொம்ப நாள் தாங்குற ஃபில்டரா போடுங்க. அதையும் முதல் தடவை ரெண்டாயிரம் கிலோமீட்டர்லயே மாத்திருங்க." முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் இதைத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறார். கூடப் பிறந்த தங்கைக்குச் சொல்லவில்லை. ஊருக்குத்தானே உபதேசம்.

மறந்து போயிருந்தால்கூட மனசு ஆறும். மறக்கவில்லை. அன்று கடையில் நல்ல கூட்டம். தங்கை தன் டாக்சியை வெளியே நிறுத்திவிட்டு வந்தாள். சிந்தெடிக் ஆயில் டப்பாவை எடுத்து வைத்தவரே அவர்தான். "பதினஞ்சாயிரம் வரைக்கும் பானெட்டத் தொறக்கவே வேணாம், போ" என்று, அவள் வழக்கமாக வாங்கும் சின்ன ஃபில்டரையும் பக்கத்தில் வைத்தார். அவளோ கடை அலமாரியிலிருந்து இன்னொன்றைக் கையில் எடுத்திருந்தாள். கனமானது. உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பவள் போல நின்றாள்.

"அண்ணா, இந்த ஆயிலுக்கு இதுதான் போடணுமாமே. ஸ்டாண்டுல ஒரு டிரைவர் சொன்னார்."

அந்த டிரைவர் சொன்னது சரி. சரி என்பதுதான் புரொபசருக்குச் சுருக்கென்று தைத்தது. ஆறு வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, எவனோ ஒருவன் பாடத்தைத் தங்கை அவருக்கே ஒப்பிக்கிறாள்.

"ஏன், கிழட்டு வண்டிக்கு மறுகல்யாணம் பண்ணி வெக்கப் போறியா? இவ்ளோ அலங்காரம் கேக்குது."

கடையே சிரித்தது. தங்கையும் சிரித்தாள், கனமான ஃபில்டரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த இரண்டாயிரம் கிலோமீட்டர் விஷயத்தைச் சொன்னால் அவள் கேட்டதுதான் நியாயம் என்று ஆகிவிடுமே. சொல்லாமல் பில் போட்டார். அந்த ஜோக்கை அன்றைக்கே இன்னும் இரண்டு பேரிடம் சொல்லவும் செய்தார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் வாயால் கெட்டது தங்கை.

பதினோராயிரம் ஓடியபிறகு, போன வாரம், பாலத்தின் மேல் போகும்போது டாஷ்போர்டில் ஆயிலின் சிவப்பு விளக்கு எரிந்தது. பயணியை வைத்துக்கொண்டு அவள் ஓரம் தேடுவதற்குள் எஞ்சின் இறுகிப்போனது. அந்த வண்டிதான் அவளுக்குச் சோறு. நாளையிலிருந்து வேறொருவருடைய வண்டியை ஷிப்டில் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

"இது அஞ்சாயிரம் தாங்குனாலே பெருசும்மா," மெக்கானிக் அந்தக் காகிதத்தை விரலால் புரட்டினார். "அடைச்சதும் அழுக்கோடவே ஆயில் சுத்தியிருக்கு. யாரு இதக் குடுத்தது? கடைக்காரன் ஒரு வார்த்தை சொல்லலையா?"

ஃபில்டரைப் பற்றிப் பேச்சு வந்து புரொபசர் சும்மா நின்றது அதுதான் முதல் தடவை.

"யாரும் குடுக்கல," என்றாள் தங்கை. "நானேதான் எடுத்தேன்."

மெக்கானிக் உச்சுக்கொட்டிவிட்டுக் கை கழுவப் போனார். அவள் வண்டிக்குள் குனிந்து தன் சாமான்களைப் பைக்குள் போட ஆரம்பித்தாள். தண்ணீர் பாட்டில், முதுகுக்கு வைக்கும் சின்னத் தலையணை, யாரோ விட்டுப்போன குடை. புரொபசர் பின்னாலேயே போய் நின்றார். அவமானமாக இருந்தது. ஓடிவிடலாம் போலவும் இருந்தது.

"எனக்குத் தெரியும்மா," என்றார். "தெரிஞ்சேதான் சொல்லாம விட்டேன்."

"தெரியும்ணா."

"அப்புறம் ஏன் அவர்கிட்ட அப்படிச் சொன்ன?"

அவள் கால்மிதியை எடுத்து வெளியே உதறினாள். "நீ சிரிச்சதுகூடப் பரவால்ல. எல்லாரும் சிரிக்கிறாங்களேன்னு நானும் சிரிச்சேன் பாரு. கையில எடுத்தத ஏன் கீழ வெச்சேன்னுதான் ஒரு வாரமா யோசிக்கிறேன்." கால்மிதியைத் திரும்ப விரித்து மூலைகளைச் சரிசெய்தாள். "இனிமே உன்கிட்ட எதுவும் கேக்க மாட்டேண்ணா."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். மழை வருமா என்று கேட்பது போலச் சொன்னாள்.

அவள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கதவுகளைச் சாத்தினாள். தூக்கி நிறுத்திய பானெட்டுக்குக் கீழே வெறும் பள்ளம். எஞ்சின் இரண்டு துண்டாகப் பலகை மேல் கிடந்தது. அவள் சாவி போட்டுப் பூட்டினாள். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, நான்கு கதவுகளின் கைப்பிடியையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள்.