குனிந்து பார்க்க வேண்டிய இடம்

காலை ஏழு மணிக்கு அஹமது கபீர் டிரெய்லருக்கு அடியில் குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்தபோது, லாக்கின் கைப்பிடி நாலு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். ஐம்பத்தாறு வயதுக் கண்ணுக்கு அந்த மரியாதை போதும். தலையை இன்னும் உள்ளே நீட்டிப் பார்த்தார். டிரெய்லரை இழுக்கும் பிரைம் மூவரின் முதுகில் கிரீஸ் அப்பிய கனத்த தட்டு ஒன்று இருக்கும். ஃபிப்த் வீல் என்று பெயர். பெயரில்தான் சக்கரம், எங்கேயும் உருளாது. டிரெய்லரின் அடியில் நிற்கும் தடித்த இரும்பு முளை அதற்குள் வந்து சேர்ந்ததும் இரும்புத் தாடை அதைக் கவ்விக்கொள்ள வேண்டும், கைப்பிடி முழுக்க உள்ளே போய்விட வேண்டும். இங்கே தாடை பாதிதான் மூடியிருந்தது. நாற்பதடி கண்டெய்னர் ஒன்று இந்த அரைக் கடியை நம்பி நெடுஞ்சாலையில் இந்தத் துவாஸ் யார்டு வரை வந்திருக்கிறது.

கொண்டுவந்தவர் இராமசாமி. ஒரே வண்டிக்கு இரண்டு ஓட்டுநர்கள். இரவு அவர், பகல் இவர். ஆறு வருடமாக, சாவி கைமாறும்போது காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் பேசிக்கொள்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா கடைத்தெருவில் சந்தித்துச் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பதும் ஆறு வருடத்துப் பேச்சுதான். ஞாயிறு வந்தால் இருவரும் தூங்கிப் போவார்கள். கபீரின் மனைவி பரீதா, மகளின் பிரசவத்துக்கு மெல்பர்ன் போனவள். இரண்டாவது பேரனும் பிறந்தாயிற்று, இன்னும் திரும்பவில்லை. போனில் பேசுவாள், நடுவில் பிள்ளை அழும், வைத்துவிடுவாள். புக்கிட் மேரா வீட்டில் டிவி செய்தி வாசிப்பவருக்கு வணக்கம் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார் கபீர். முகம் பார்த்துப் பேச அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த இருபது நிமிடம்தான்.

இராமசாமி குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, லாக் பாதிதான் ஆயிருக்கு."

"இழுத்துப் பாத்தேனே பாய். நின்னுச்சே."

டிரெய்லருக்கு பிரேக் போட்டுவிட்டு வண்டியை முன்னால் இழுத்துப் பார்ப்பது வழக்கம். பாதிக் கடியும் சில நேரம் அதில் தேறிவிடும். அதனால்தான் இறங்கிக் குனிந்து கண்ணாலும் பார்க்கச் சொல்வது.

"இறங்கிப் பாத்தீங்களா?"

இராமசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"குந்துனா எந்திரிக்க முடியல பாய். முட்டி போச்சு. மூணு மாசமா பாக்குறதில்ல. ஆபீஸ்ல சொல்லிடாதீங்க லா. இந்த வண்டிய விட்டா நான் எங்க போவேன்?"

தினமும் கொஞ்சம் முன்னதாக வந்து நானே குனிந்து பார்த்துவிட்டால் என்ன என்று கபீரின் புத்தி உடனே ஒரு வழி சொன்னது. ஆனால் ஓர் இரவில் இராமசாமி ஐந்தாறு டிரெய்லர் மாற்றுவார். அங்கெல்லாம் யார் குனிவது? விடிவதற்குள் உட்லண்ட்ஸ் பாலம் வழியாக எல்லை தாண்டி வரும் மோட்டார் சைக்கிள்காரர்கள் இந்த டிரெய்லர்களை ஒட்டித்தான் வேலைக்குப் போகிறார்கள். அவர்களை நினைப்பதற்கு முன்னால், நாளைக் காலை ஏழு மணிக்கு யாரோடு பேசுவது என்றுதான் மனம் கேட்டது. கபீருக்கு வெட்கமாக இருந்தது.

"சொல்லத்தான் போறேன்ணே."

"ஆறு வருஷம் பாய்."

"தெரியும்."

ஆபீசில் சூப்பர்வைசர் சாதியா, மகள் வயதுப் பெண், எல்லாவற்றையும் கணினியில் பதிந்துகொண்டாள். டாக்டர் சரியென்று எழுதித் தரும்வரை இராமசாமி எந்த வண்டியையும் தொடக் கூடாது என்றாள். அந்த முட்டிக்கு எந்த டாக்டரும் அப்படி எழுதித் தரப்போவதில்லை என்று மூவருக்குமே தெரியும்.

"அவரு உங்க ஃப்ரெண்ட்தானே அங்கிள்?"

கபீர் தலையாட்டினார். இராமசாமி எந்த அடுக்குமாடி பிளாக்கில் குடியிருக்கிறார் என்றுகூடத் தமக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. நாள் தவறாமல் பார்க்கிற ஆளுக்கு எதற்கு என்று போன் நம்பர்கூட வாங்கியதில்லை. ஆபீசில் கேட்டால் கிடைக்கும். ஆனால் இன்று அதை இராமசாமியிடமே கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

வெளியே வந்தபோது இராமசாமி வண்டியின் கேபினிலிருந்த தன் சாமான்களை எடுத்துக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் பையோடு வாசலுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். கபீர் வேகமாகப் போய் எதிரே நின்றார்.

"அண்ணே, உங்க நம்பர் குடுங்க."

இராமசாமி சாலையையே பார்த்தார். தராமலே போய்விடுவார் என்று தோன்றியது. பிறகு ஒவ்வொரு எண்ணாக, யாருக்கோ சொல்வதுபோல் சொல்லத் தொடங்கினார். கபீரின் விரலெல்லாம் கிரீஸ். போன் திரை அசைந்து கொடுக்கவில்லை. கால்சட்டையில் துடைத்தார். அதிலும் கிரீஸ். எண்களை வாயால் முணுமுணுத்துப் பிடித்துக்கொண்டார்.

எட்டு எண்களில் ஐந்தாவதைச் சொல்லும்போது பஸ் வந்துவிட்டது. இராமசாமி எழுந்து, வலிக்கும் காலைக் கையால் தூக்கி வைத்து ஏறினார். கதவு மூடிக்கொண்டது. ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் உதடு அசைந்தது. மீதி மூன்று எண்ணா, வசவா, கபீருக்குத் தெரியவில்லை. அந்த உதட்டையே பார்த்தபடி, கிளம்பிவிட்ட பஸ்ஸோடு சேர்ந்து அவரும் நடந்தார்.