அன்புக்கரசியின் ரிங்

மயிலாப்பூர் பஜார் ரோட்டில் ஜீஷானுக்கு மீட்டர் கடை. பழைய கார், புல்லட் வண்டிகளுக்கு ஸ்பீடோமீட்டர், பெட்ரோல் மீட்டர் எல்லாம் கேட்கிற மாதிரி செய்து தருவான். முள்ளும் எண் பொறித்த முகப்பும் அவன் கைக்கு வசப்பட்டவை. படுத்தியது வெளிக்கூடுதான். டப்பாவுக்கும், கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்குக்கும் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் அலைவான். கிடைப்பது நசுங்கியோ துருப்பிடித்தோ இருக்கும்.

அவனோடு ஒரே மேசையில் வேலை பார்த்த அன்புக்கரசி, ஆதம்பாக்கத்தில் தனிக்கடை போட்டாள். திறப்பு விழாவுக்கு ஸ்வீட் பாக்ஸோடு போனவன்தான். ஆனால் அவள் மீட்டர்களில் புத்தம்புது ரிங் மின்னத் தொடங்கியதும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டால் முதலில் பார்ப்பவன் அவன். ஒரு வார்த்தை பாராட்டியதில்லை.

ஒருநாள் புல்லட்காரர் ஒருவர் அவள் செய்த மீட்டரைக் கொண்டுவந்தார். முள் ஆடுகிறதாம், அவள் ஊரில் இல்லையாம். தளர்ந்த திருகை முடுக்கியதும் சரியாகிவிட்டது. ஆனாலும் ஜீஷான் டப்பாவைக் கீழே வைக்கவில்லை. உட்புறம் வட்டவட்டமாக மெல்லிய கோடுகள். வீட்டுப் பிரியாணி தேக்சா மூடியிலும் அதே கோடுகள்!

அந்த மூடி மீர்சாகிப்பேட்டை பீர் முஹம்மது செய்தது. லேத்தில் தகட்டை மர அச்சின் மேல் சுழலவிட்டு அழுத்திப் பாத்திர மூடி செய்கிறவர் அவர். அந்தப் பட்டறையைத் தாண்டித்தான் ஜீஷான் தினமும் கடைக்கு வருகிறான். தினமும் பார்த்தும் தனக்குத் தோன்றவில்லையே என்று இன்னும் எரிந்தது. நேராகப் பட்டறைக்குப் போனான்.

"மாமு, அன்புக்குப் பண்ற ரிங் எனக்கும் வேணும்."

"அச்சு அவளுது நைனா. இங்கயே உக்காந்து மரத்தை இழைச்சு இழைச்சு அவளே பண்ணா. அவளக் கேக்காம தொட மாட்டேன்."

"நானே அச்சு தர்றேன்."

"குடு, பண்றேன்."

ஜீஷான் செய்த அச்சில் தகடு ஓரத்தில் கிழிந்தது. மறுபடி செய்தான். மறுபடியும் கிழிந்தது. கருணாகரன் என்பவரின் அம்பாசிடர் மீட்டர் ரிங் இல்லாமல் காத்துக்கிடந்தது. வேறு வழியில்லாமல் ஆதம்பாக்கம் போனான்.

"இன்னா பாய், இப்பதான் வழி தெரிஞ்சுதா?" அன்புக்கரசி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ரிங் வேணும் அன்பு. நானும் பண்ணிப் பாத்தேன். உன்ன மாதிரி வரல." சொல்லும்போதே காது சூடானது.

அவள் சிரிக்கவில்லை. "அச்சு மட்டும் தர மாட்டேன் பாய், கோச்சுக்காதீங்க. ரிங்கு எத்தினி வேணும்னாலும் எடுத்துக்கினு போங்க."

எடுத்துக்கொண்டு வந்தான். மாட்டியதும் மீட்டருக்கே தனிக் களை வந்துவிட்டது. கருணாகரன் விரலால் தடவிப் பார்த்தார். "அட, ரிங்க எங்க புடிச்சீங்க?"

'நம்ம வேலைதான்' என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"ஆதம்பாக்கத்துல அன்புக்கரசின்னு ஒருத்தங்க பண்றாங்க சார்."

"அவங்க நம்பர் குடுங்களேன். தம்பி ஜீப்புக்கும் மீட்டர் செய்யணும்."

ஜீஷான் சொன்னான். கார் முனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றான். தன்னிடம் வந்திருக்க வேண்டிய ஜீப் அது என்று அன்றைக்கு முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.