வீட்டாளுக்கு நன்றி சொல்வதில்லை

என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு இதைக் கேட்க வேண்டாம். பிறகு ஏமாந்துபோய்த் திட்டினால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் கிறிகோரி, மன்னார்க்காரன். இத்தாலிக்கு வரும் வழியில் ஏஜென்சிக்காரன் என்னைப் பம்பாயில் மூன்று வருடம் காயப்போட்டான். அங்கே ஒரு குஜராத்திக்காரரின் துணிக்கடையில் மூட்டை தூக்கியதில் எனக்கு மிஞ்சியது அந்தப் பாஷை ஒன்றுதான். பலேர்மோவில் அதுதான் சோறு போட்டது. துறைமுகத்துக் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கிரீட் என்பவர் தன் தகப்பன் விரஜ்லாலைப் பார்க்க ஆள் தேடினார். கிழவருக்குக் குஜராத்தி மட்டும்தான் தெரியும். கிரீட்டின் மனைவி ஜூடித் இங்கிலிஸ் பேசும் வெள்ளைக்காரி, அவளுக்குக் குஜராத்தியில் ஒரு சொல்லும் ஏறாது. கிரீட் கிழமையில் ஐந்து நாள் ஜெனோவா, நாப்போலி என்று போய்விடுவார். மாமனார் மருமகளிடம் ஒரு தேத்தண்ணி கேட்பதற்கும் நடுவில் நான் நிற்கவேண்டும்.

ஜூடித்துக்கு எல்லாமே உதவிதான். "கிறிகோரி, எனக்கு ஒரு சின்ன உதவி செய்ய முடியுமா?" என்று கேட்டுத்தான் கக்கூஸ் கழுவ விடுவாள். கழுவி முடித்ததும் ஒரு தாங்க் யூ. முடியாது என்று சொல்லிப் பார்த்தால் தெரியும், அது என்ன உதவி என்று. கிழவருக்கோ எல்லாமே ஃபரஜ், அதாவது கடமை. மகனை வளர்த்தது அவருடைய ஃபரஜ். அவரைப் பார்ப்பது மகனுடைய ஃபரஜ். நாலு வருடம் அவரைக் குளிப்பாட்டி, பீ துடைத்து, வெங்காயமும் உள்ளியும் போடாமல் கிச்சடி காய்ச்சிக் கொடுத்தேன். ஒரு நாள் நன்றி என்று வாய் திறக்கவில்லை. எரிச்சல் தாங்காமல் ஒருமுறை கேட்டேவிட்டேன். அவருடைய குஜராத்தி என் காதில் எங்கள் தமிழாகத்தான் விழும்.

"நன்றி கடைக்காரனுக்குச் சொல்லுறது. நீ வீட்டாளடா, தீக்ரா," என்றார்.

தீக்ரா என்றால் மகன்.

மருமகள் ஓயாமல் சொல்கிறாளே, அந்த 'தாங்க் யூ' என்ன என்றும் கேட்டார். அவளுக்கு வேண்டிய காரியத்தை யாராவது முடித்துக் கொடுத்தால் அப்படிச் சொல்வாள் என்றேன். நல்லாகச் சிரித்தார். இங்கிலிசில் அவர் படித்தது அது ஒன்றுதான்.

தொண்ணூற்றாறில் ஒரு சட்டம் வந்தது. என்னைப்போல் பத்திரம் இல்லாதவனுக்கு வேலை கொடுப்பவர் மார்ச் மாதத்துக்குள் கையெழுத்து வைத்தால், இங்கே இருப்பதற்குப் பெர்மெஸ்ஸோ கிடைக்கும். அது இருந்தால்தான் என் மனுசி கத்தரீனாவையும் மகளையும் மடு அகதி முகாமிலிருந்து எடுக்கலாம். கைக்குழந்தையாக விட்டுவந்த பிள்ளைக்கு எட்டு வயதாகியிருந்தது. முகாமில் நெருப்புக்காய்ச்சல் வந்து பிழைத்திருந்தாள். அடுத்த முறை பிழைப்பாளா என்று கத்தரீனா எழுதியிருந்தாள்.

கடதாசியை ஜூடித்திடம் கொண்டுபோனேன். முழுவதும் படித்தாள்.

"இது எங்கள் கடமை இல்லை, கிறிகோரி. உதவியாகச் செய்யலாம். ஆனால் நீங்களும் எனக்கு ஒன்று செய்யவேண்டும்."

அவளுக்குக் கிழவர் வீட்டைவிட்டுப் போகவேண்டும். ஊருக்கு வெளியே கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் மடத்தில் இடமும் பார்த்துவிட்டாள். கிரீட்தான், தகப்பன் தன் வாயால் கேட்டாலொழிய அனுப்பமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கிழவரைக் கேட்கவைக்க வேண்டும். கிரீட்டை விட்டால் அதற்குக் குஜராத்தி தெரிந்தவன் நான் ஒருவன்.

இரண்டு நாள் யோசித்தேன் என்று சொன்னால் பொய். அன்றைக்குப் பின்னேரமே கிழவரின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தேன். மகனுக்கு வியாபாரம் படுத்துவிட்டது, வீட்டில் நிம்மதியில்லை, நீங்கள் இங்கே இருப்பதுதான் அவருக்குப் பாரம், ஆனால் வாய்விட்டுச் சொல்லமாட்டார் என்றேன். நீங்களாகவே கேட்டுப் போனால் அவர் தப்பிவிடுவார், தகப்பனின் கடைசி ஃபரஜ் அதுதான் என்றேன். அவருடைய சொல்லை எடுத்தே அவருடைய கழுத்தில் வைத்தேன்.

கிழவர் ஜன்னல் பக்கமிருந்து என் பக்கம் திரும்பினார்.

"இது அவன் சொன்னதோ, நீ சொல்லுறியோ?"

"அவர்தான். என்னட்டைச் சொல்லி அழுதவர்."

என் கண் கூசவில்லை.

சனிக்கிழமை கிரீட் வந்ததும் கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீடு அலுத்துவிட்டது, வயசுக்காரரோடு இருக்க ஆசை, என்னை அனுப்பிவிடு என்றார். கிரீட் மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் அதே பதில். கிரீட் குனிந்து தகப்பனின் காலைத் தொட்டார். நிமிரும்போது அவருடைய முகத்தில் இருந்தது கவலையில்லை, ஆறுதல். கிழவரும் அதைப் பார்த்தார்.

கொண்டுபோகும் நாளில், பார்க்க மனம் தாங்காது என்று கிரீட் ஜெனோவாவுக்குக் கப்பலேறிவிட்டார். ஜூடித்தை நம்புவதற்கு நான் மடையனில்லை. கிழவரைக் கீழே இறக்குமுன் கடதாசியில் அவளுடைய கையெழுத்தை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். நாலு வருடம் தூக்கிய உடம்பைக் கடைசியாகத் தூக்கிக் காரில் வைத்தேன். போர்வையை முழங்கால்வரை இழுத்துவிட்டபோது அவர் என் தலையில் கைவைத்தார்.

"அங்கையும் நீதானே வருவாய், தீக்ரா?"

ஓம் என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஜூடித் வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "தாங்க் யூ, கிறிகோரி. தாங்க் யூ ஸோ மச்."

மரியாதை தெரிந்த மனுசியாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கிழவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த கடதாசியையும் பார்த்தார். என் தலையிலிருந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"தாங்க் யூ, கிறிகோரி," என்றார்.

மடத்தில் வெங்காயம் மணக்கும் எதையும் அவர் தொடவில்லையாம். ஏன் என்று அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. அவர் சொன்னதும் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஐந்து மாதம்தான் உயிரோடு இருந்தார். நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

அடுத்த வருடம் கத்தரீனாவும் மகள் ஜெசிக்காவும் வந்துசேர்ந்தார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போய் இரண்டு மாதத்தில் இத்தாலியன் கதைக்கத் தொடங்கிவிட்டாள். ஒரு நாள் வுச்சீரியாச் சந்தையில் வாங்கிவந்த தோடம்பழத்தை உரித்து அவளுடைய கையில் கொடுத்தேன்.

"கிராட்சியே, அப்பா," என்று சிரித்தாள்.

என் கை எப்போது ஓங்கியது என்று தெரியாது. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்துவிட்டது. கத்தரீனா ஓடிவந்து பிள்ளையை இழுத்து அணைத்தாள்.

"உங்களுக்கென்ன விசரே? பிள்ளை நன்றிதானே சொன்னவள்?"

"எனக்குச் சொல்லக்கூடாது," என்றேன். "இந்த வீட்டிலை எனக்கு அதைச் சொல்லக்கூடாது."

ஏன் என்று கத்தரீனா கேட்டாள். நான் குனிந்து தோடம்பழத் தோலைப் பொறுக்கத் தொடங்கினேன். பிள்ளை இப்போது நான் எதைக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கிக்கொண்டு தாயிடம் போய்விடுகிறாள்.